முட்டை வேண்டாம் என்றவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது திமிரினால் இல்லை.

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆறாம் வகுப்புப் படம் ஒன்று வந்ததே, அதைத்தான் சொல்கிறேன். இரண்டாவது வரிசையில் இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டு நிற்கிறேன். என் தலைக்கு மேல் ஓர் அம்புக்குறி போட்டு, ‘சத்துணவு அக்கா கை பட்ட முட்டையைச் சாப்பிட மாட்டேன்னு சொன்ன குடியானத் தெரு மகாராணி’ என்று உங்களில் ஒருவர் எழுதினார். எழுதியவருக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். மற்றவர்கள் வரிசையாகச் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு பகல் முழுக்கப் போயிற்று, அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்ததுதான் மிச்சம். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு எந்தப் பொம்மை வேண்டுமானாலும் போடுங்கள்.

எனக்கு முட்டை ஆகாது. மூன்று வயதில் முதன்முதலாக ஊட்டியபோதே உதடு தடித்து, உடம்பெல்லாம் காசு காசாகத் தடிப்பு எழும்பிவிட்டதாம். அதன் பிறகு அம்மா எனக்கு முட்டையைக் காட்டவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வேறு யாரும் அதை நம்பவில்லை. ‘ஊர்ப் புள்ளைங்க எல்லாம் திங்கிறத இது மட்டும் திங்காதா, எல்லாம் மனசுதான்’ என்பது பெரியம்மாவின் கட்சி. அந்தக் கட்சியை நிரூபிக்க அவர் ஒரு நாள் தோசை மாவில் முட்டையை அடித்துக் கலந்து, எனக்குத் தெரியாமல் சுட்டுப் போட்டார். இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போதே நாக்கு அரித்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. அம்மா அழுதுகொண்டே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெரியம்மா தோசைக் கல்லை விட்டு நகராமல், "நான் கொஞ்சமாத்தானே கலந்தேன்" என்றார். இதுவரைக்கும் அவர் அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. இன்றைக்கும் யாராவது ஒரு குழந்தையிடம் ‘கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கிறது.

முட்டை ஒரு பக்கம் என்றால் இழுப்பு இன்னொரு பக்கம். வீசிங் என்று இப்போது சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள், அப்போது இழுப்பு. மற்ற மாதங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தை பிறந்தால் குடி வந்துவிடும். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பா அறுவடைக்கு நம் பள்ளிக்கூட மைதானம்தானே ஊருக்குக் களம்! கபடிக் கோட்டின் மேல் கட்டுக் கட்டாகக் கதிர் வந்து இறங்கும். அடிப்பதும் தூற்றுவதும் அங்கேயேதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துத் தூற்றுவார்கள், அந்தப் பக்கத்தில் நம் வகுப்பு இருக்கும். பதரும் சுணையும் ஜன்னல் வழியாக வந்து நோட்டுப் புத்தகத்தின் மேல் படியும். உங்களுக்கெல்லாம் கழுத்து அரிக்கும், அவ்வளவுதான். எனக்கு நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்தும். கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் நிறுத்தி, "யாரு அங்க விசில் அடிக்கிறது?" என்று கேட்டு, இரண்டு முறை என்னை வெளியே நிறுத்தியிருக்கிறார். வெளியே என்றால் களத்து ஓரத்தில், தூசிக்கு நடுவில்.

அந்தக் களத்தில் முதலில் இறங்குகிற நெல் எங்கள் வீட்டு நெல். அம்மா ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள். "நம்ம நெல்லையாச்சும் ஆத்தங்கரைப் பக்கம் அடிக்கலாமே. புள்ளைக்கு முடியல." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊர் வழக்கத்த ஒரு இருமலுக்காக மாத்த முடியுமா?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்பாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசை இல்லை. ராத்திரியெல்லாம் நான் உட்கார்ந்தபடியே தூங்கினால் முதுகைத் தடவிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பார். ஓமம், ஆடாதொடைக் கஷாயம் என்று யார் எது சொன்னாலும் வாங்கி வருவார். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால், அவரைப் பொறுத்தவரை மகளுக்கு ஒரு நோயும் கிடையாது. பெண் பிள்ளைக்கு இழுப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான் என்பதுதான் அவர் கவலை. எனக்கு அப்போது வயது பதினொன்று. பதினொரு வயதுப் பிள்ளையின் மூச்சை விட, இன்னும் பத்து வருடம் கழித்து வரப்போகிற, முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளை பெரிதாகிவிட்டான்.

மாமா என்னைத் தஞ்சாவூருக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப்போய் இழுப்புக்கு உறிஞ்சுகிற ஒரு நீல நிறப் பம்ப்பை வாங்கிக்கொடுத்தார். கட்டை விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு தடவை அழுத்தி உறிஞ்சினால், யாரோ நெஞ்சின் மேலிருந்து எழுந்து போன மாதிரி இருக்கும். "இது எப்பவும் புள்ள கூடவே இருக்கணும், பள்ளிக்கூடத்துக்கும் குடுத்து அனுப்புங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அம்மா அன்று மாலையே என் பாவாடையின் உள்பக்கம் ஒரு பை தைத்தாள். அந்தப் பைக்குள் பம்ப் ஒரு நாள்கூடப் போகவில்லை. "அடிச்சா பழகிடும். பள்ளிக்கூடத்துல நாலு பேரு பாத்தா என்னாவறது?" என்று அப்பா அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். ரிப்பன் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் அது கிடந்தது. சாவி அம்மாவின் இடுப்பில். பள்ளிக்கூடம் தெருவைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம்.

இனிமேல் தலைமையாசிரியர். அந்த வருடம் அரையாண்டுப் பரீட்சை முடிந்துதான் அவர் நம் ஊருக்கு மாற்றலாகி வந்தார். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். சைக்கிளில் வருவார், சட்டைக் கையை மடித்து விட்டிருப்பார். வந்த முதல் வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாம் எப்படி உட்காருகிறோம் என்று பார்த்துவிட்டார். குடியானத் தெருப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வராந்தாவில், காலனிப் பிள்ளைகள் தட்டோடு சத்துணவுக் கூடத்தில். சமைக்கிறவர் காலனிக்காரர், அதனால் நம் தெரு வீடுகளில் ஒரு பருக்கைகூட அங்கே சாப்பிட விட மாட்டார்கள். நாம் அவரை ‘ஏ ஆயா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ‘அக்கா என்று கூப்பிடாதவன் என் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டாம்’ என்று தலைமையாசிரியர் பிரேயரில் சொன்னார். அன்றிலிருந்து அவர் அக்கா. அக்காவுக்கும் ஒன்றும் சாந்த சொரூபி என்று பெயர் இல்லை. வரிசையில் இடித்தால் கரண்டிக் காம்பால் முட்டியில் ஒன்று வைப்பார்.

முட்டை போடும் வியாழக்கிழமைகளில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸ்காரர்களும் உட்பட, ஆளுக்கொரு முட்டை சாப்பிட வேண்டும் என்பது தலைமையாசிரியருடைய அடுத்த உத்தரவு. அவர் செய்தது சரி. இப்போதும் சொல்கிறேன், சரி. டிபன் பாக்ஸ் கோஷ்டி முதல் வியாழன் முகத்தைச் சுளித்தது, அடுத்த தடவை மிளகு உப்புத் தொட்டுச் சப்புக்கொட்டித் தின்றது. நான் மட்டும் இரண்டு தடவையும் முட்டையைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சாப்பிடல?" என்றார்.

"ஒத்துக்காது சார்."

"எது ஒத்துக்காது? முட்டையா, ஆக்குன கையா?"

என்ன சொல்வது? இழுப்பு, தடிப்பு எதையும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிந்தால் அவருக்கு அது ஆமாம் என்றுதான் அர்த்தம். நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு அக்கா மட்டும்தான், "வேணாங்குற புள்ளைய விடுங்க சார். அந்த முட்டைய வேற புள்ள திங்கும்" என்றார்.

தலைமையாசிரியர் விடவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார். உங்கள் மகள் முட்டை சாப்பிட மறுக்கிறாள், காரணம் தெரிவிக்கவும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நல்லதாகப் போயிற்று, அப்பா ஒரு வரி எழுதிவிட்டால் என் பாடு தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மா கெஞ்சினாள். "முட்டை ஆவாதுன்னு மட்டும் எழுதுங்க. இழுப்பப் பத்தி எழுத வேணாம்." அப்பா ரொம்ப நேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுதினார். மறுநாள் வாய்க்கால் பாலத்தில் நின்று நான் அதைப் பிரித்துப் படித்தேன். ‘எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெளியில் ஆக்கியதைச் சாப்பிடும் வழக்கம் கிடையாது. வற்புறுத்த வேண்டாம்.’

மகளுக்கு நோய் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. மகளுக்குச் சாதி பெரிது என்று எழுதக் கை வந்தது. அதில் அவருக்கு அவமானமே தெரியவில்லை, கௌரவமாகவே இருந்தது! முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த முட்டை வியாழன். வெளியே எங்கள் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே நெஞ்சு கத்திக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வந்து என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் தட்டிலிருந்த முட்டையை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை அவர் வாயில் போட்டுக்கொண்டு மறு பாதியை என் முன்னால் வைத்தார். "அப்பா சொல்றது இருக்கட்டும். நீ படிக்கிற புள்ள. நீ மனுஷியா இருக்கணும்" என்றார். சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரும் அப்படி நினைத்துவிடுவாரே என்றுதான் நான் அந்தப் பாதி முட்டையை எடுத்து விழுங்கினேன். கை தட்டினீர்கள். நினைவிருக்கிறதா? தட்டினீர்கள்.

கை தட்டல் ஓய்வதற்குள் நாக்கு அரித்தது. உதடு தடித்தது. பிறகு மூச்சு நின்று நின்று வந்தது. வாத்தியார்கள் ஓடி வந்து என்னைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து விசிறினார்கள். ஒருவர் சோடா வாங்கி வர ஆள் அனுப்பினார். இழுப்புக்காரியைப் படுக்க வைப்பது அவளைத் தண்ணீரில் அமுக்குகிற மாதிரி. சொல்ல வாய் வரவில்லை. அக்காதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "படுக்க வைக்காதீங்க சார், நிமித்தி உக்கார வைங்க! எங்க அண்ணனுக்கு இருந்துச்சு, எனக்குத் தெரியும்" என்று கத்தினார். யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். பதினொரு வயதுப் பெண்ணை. களத்துத் தூசியைச் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நடுவழியாக ஓடினார். அவர் முந்தானையில் விறகுப் புகையும் மஞ்சள் தூளும் மணத்தன. அவர் அந்தத் தெருவுக்குள் அதுவரை கொல்லைப் பக்கமாகத்தான் வந்திருக்கிறார். அன்று வாசல் வழியாக ஏறிக் கூடத்தில் வந்து நின்று, "மருந்து எங்கம்மா இருக்கு?" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்தாள். தகர டப்பா கீழே விழுந்து ரிப்பன் எல்லாம் சிதறியது. அக்கா என்னை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா பம்ப்பை அழுத்தினாள். பிறகு வாடகைக் காரில் தஞ்சாவூருக்குப் போய் ஊசி போட்டுத்தான் வீக்கம் வடிந்தது. ஆனால் தஞ்சாவூர் வரை உயிரோடு போனது அந்த இடுப்பினால்.

நன்றி சொன்னோம் என்று நினைக்கிறீர்களா? அப்பாவுக்கு அன்று மாலை ஒரே ஒரு கவலைதான். அவள் பம்ப்பைப் பார்த்துவிட்டாள். இனி ஊர் பூராவும் சொல்லிவிடுவாள். அவள் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும். மறுநாளே மனு தயாராகிவிட்டது. சத்துணவில் கெட்டுப்போன முட்டை போட்டதால் மாணவி மயக்கம், சமையல்காரி சுத்தமில்லை, மாற்ற வேண்டும். கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரே வரிசை பிடிக்காத அத்தனை பேரும் ஓடி வந்து போட்டார்கள். அதில் உங்கள் அப்பாக்களும் உண்டு. வேண்டுமானால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரியும். அக்காவைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் போக முடியும்? வேலையை விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை வரிசை கலைந்தது. டிபன் பாக்ஸ்கள் வராந்தாவுக்குத் திரும்பின. அப்பா கவலைப்பட்ட அந்த மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்தார். கல்யாணமாகி நாலு வருடம் நான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொண்டு பம்ப் அடித்தேன். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். "இதுக்கா இத்தன தண்ணிய வீணாக்குன?" என்றார், அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டோம்.

விசாரணை நாளைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

தலைமையாசிரியர் அறையில் ஒன்றிய அலுவலகத்து அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா வெள்ளை வேட்டியில். நான் அவர் பக்கத்தில். அக்கா கதவோரம். மாசி பிறந்துவிட்டது, களம் முடிந்து மைதானத்தைக் கூட்டிவிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அப்பாவின் கடிதத்தை மேசையில் வைத்து, "இது சாப்பாட்டுப் பிரச்சினை இல்ல சார், சாதிப் பிரச்சினை" என்றார். அதிகாரி அதைத் தொடவே இல்லை. "ஊர் விவகாரம் எனக்கு வேணாம். சாப்பாடு நல்லா இருந்துச்சா, இல்லையா?"

அக்கா முன்னால் வந்தார். "சாப்பாடும் இல்ல, சாதியும் இல்ல சார். அந்தப் புள்ளைக்கு முட்டை ஆவாது. இழுப்பு இருக்கு. மருந்து வீட்ல வச்சிருக்காங்க, நான் கண்ணால பாத்தேன்." அப்புறம் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்கய்யா" என்றார்.

"எங்க வீட்ல யாருக்கும் எந்த நோயும் கிடையாது" என்றார் அப்பா.

அக்கா அவரிடம் மேலே பேசவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. முட்டை தின்னா உனக்கு என்ன பண்ணும்? நீ சொன்னா போதும், வேற யாரும் சொல்ல வேணாம்."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தலைமையாசிரியரும் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் என் தோளில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி, "சரி, புள்ள பயந்திருக்கு, விடுங்க" என்று எழுத ஆரம்பித்தார்.

முட்டையை வேண்டாம் என்றது சாதியினால் இல்லை என்று உங்களுக்குப் புரியவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அது சத்தியம். ஆனால் அந்த அறையில் வாயைத் திறக்காமல் நின்றேனே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வையுங்கள், நான் மறுக்க மாட்டேன். பயம் இருந்தது, அப்பாவின் கை இருந்தது, பதினொரு வயது. இழுப்பு மட்டும்தான் இல்லை. அன்றைக்கு எனக்கு மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.